சான்றுப் பொருள் எண் ஒன்று

1986 வரை எங்கள் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எதைத் தின்ன வேண்டும் என்று சொல்லலாம் என்ற நிலை இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் சொல்வார். முடி வெட்டுகிறவர் சொல்வார். சேத்தூரில் ஒருவர் வெந்தயத்தை மட்டும் தின்று தொண்ணூறு வயது வரை இருக்கப் போவதாக அறுபதாவது வயதில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டில் போய்விட்டார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் அவருக்கு முன்பே போய்விட்டதால் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்தை ஒழிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் 'இரு தாலுகா உணவு ஆலோசகர் நம்பக மன்றம்' தொடங்கப்பட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு தாலுகாக்களிலும் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்கிறவர் நம்பத் தகுந்தவரா என்று ஆராய்ந்து முத்திரை வைப்பது அதன் வேலை. தலைவர் வைகுண்டராஜ், ஓய்வு பெற்ற தாசில்தார். உறுப்பினர்கள் மூன்று பேர்: ஒரு லாட்ஜ் உரிமையாளர், ஒரு தமிழாசிரியர், ஒரு தீப்பெட்டி ஏஜெண்ட். டாக்டர் ஒருவரைச் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது, டாக்டர்களுக்கு இந்த விஷயத்தில் சொந்தக் கருத்து இருக்கும், நடுநிலைமை கெட்டுவிடும் என்று தலைவர் மறுத்துவிட்டார்.

என் பெயர் தனுஷ்கோடி. ஊர் தேவதானம். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கை யாரும் மாற்றியதில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தை யாரும் மீறியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்தது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தம்பி மலைச்சாமி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஐம்பத்தொரு வயது. ஆறு வருஷமாகச் சர்க்கரை நோய். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. அதை விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போவான், வருவான். அவன் மனைவி வேலுத்தாய் அளந்து போடுகிற சோற்றை மறுபேச்சில்லாமல் சாப்பிடுவான். நன்றாகவே இருந்தான்.

என் மகளைக் கட்டிக்கொடுத்த இடம் தளவாய்புரம். சம்பந்தி பால்ச்சாமி அங்கே உரக்கடை வைத்திருந்தார். மன்றம் முதல் வருஷம் வழங்கிய 'முதல் நிலை நம்பகர்' பட்டம் அவருக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து கடைப் பலகையில் 'உரம், பூச்சிமருந்து, உணவு ஆலோசனை' என்று ஒரே வரிசையில் எழுதியிருந்தது.

1989 பங்குனியில் என் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் மலைச்சாமி உட்கார்ந்திருந்தான். பாயசம் வந்தது. அவன் இலையை மறைத்துக் கையை வைத்தான்.

"என்ன சின்னச் சம்பந்தி, பாயசத்தை ஒதுக்குதீக?"

"சுகர் இருக்குங்க."

"சுகர்னா என்ன? சீனி. சீனியால வந்த நோய்க்குச் சீனி ஆகாது, ஒத்துக்கிடுதேன். கருப்பட்டி சீனியா? கரும்பு புல்லு, பனை மரம். புல்லும் மரமும் ஒண்ணாகுமா? மாத்திரையைத் தூக்கித் தூர வீசுங்க. காலையில ஒரு செம்பு கருப்பட்டித் தண்ணி, சாயங்காலம் ஒரு செம்பு. நாப்பத்தெட்டு நாளு. பொறவு நீங்களே வந்து என் கையைப் பிடிச்சுக்கிடுவீக."

பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில், மாப்பிள்ளையின் தகப்பனார் சொன்னதை மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறதற்குச் சமம். மலைச்சாமி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன்.

"சம்பந்தி சொன்னா சரியாத்தாம்லே இருக்கும்," என்றேன்.

அன்று இரவே அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான்.

ஐந்து வாரம் கழித்து அவன் வலது கால் பெருவிரலில் செருப்பு வார் உரசி ஒரு புண் வந்தது. ஆறவில்லை. அந்தத் தெருவுக்கு வருகிற சுகாதார நர்ஸ் ஞானபாக்கியம் அதைப் பார்த்துவிட்டாள். வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து புண்ணைக் கழுவிக் கட்டினாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?"

நான் அவள் கட்டிய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கருப்பட்டியும் சர்க்கரைதான்யா. மரத்துல இருந்து வந்தா என்ன, மண்ணுல இருந்து வந்தா என்ன, ரத்தத்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். நாளைக்கே ரத்தம் பாருங்க. இன்னைக்கே மாத்திரையைப் போடுங்க."

அவள் போன பிறகு வேலுத்தாய் சொன்னாள்: "அத்தான், நர்சம்மா சொல்லுறது எனக்குச் சரியாப் படுது."

எனக்கும் பட்டது. ஆனால் நர்ஸ் சொன்னது சரி என்றால் சம்பந்தி சொன்னது தப்பு என்றாகிறது. அதை என் வாயால் சொல்வதா? என் தம்பி வாயால் சொல்வதா? என் மகள் அந்த வீட்டில் சோறு தின்கிறாள். அப்போதுதான் எனக்கு மன்றத்தின் நினைவு வந்தது. ஊரறிந்த ஓர் அமைப்பு முறைப்படி விசாரித்து, நர்ஸ் சொல்வதை நம்பலாம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொன்னதாக ஆகாது. சம்பந்திக்கும் மரியாதை. தம்பிக்கும் மாத்திரை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மன்றம் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் இருந்தது. எழுத்தர் மாரிசாமி மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டார்.

"ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்லுதாக. யாரை நம்புறதுன்னு தெரியணும்," என்றேன்.

"அதுக்குத்தான இருக்கோம்யா. மொத்தம் நூறு மார்க்கு. குரலுக்கு இருவது, உடைக்குப் பதினஞ்சு, இடுப்புச் சுற்றளவுக்குப் பதினஞ்சு. சட்டம் போட்டு மாட்டின சான்றிதழுக்கு இருவது. இதுவரை விழுந்த மாலைக்கு இருவது. தயங்காமப் பதில் சொல்லுறதுக்குப் பத்து."

"சொல்லுற சாப்பாடு சரியா தப்பாங்கிறதுக்கு?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அதுக்கு எப்படிய்யா மார்க்குப் போட முடியும்? நாங்க சாப்பாட்டைச் சோதிக்கல. ஆளைத்தான் சோதிக்கோம்."

பிறகு விதி பதினாலைப் படித்துக் காட்டினார். விசாரணை முடியும் வரை நோயாளி இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும். நடுவில் உணவை மாற்றினால் சான்று கலைந்துவிடும். ஆகவே நோயாளி மலைச்சாமி இன்று முதல் சான்றுப் பொருள் எண் ஒன்று. கருப்பட்டித் தண்ணீர் இரண்டு வேளையும் தொடர வேண்டும். மாத்திரை கூடாது. முன் அனுமதி இல்லாமல் சான்றுப் பொருள் இரு தாலுகா எல்லையைத் தாண்டக் கூடாது. இதற்குக் குடும்பத்தில் ஒரு கௌரவமான ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எத்தனை நாள் ஆகும்?"

"பத்து நாள்ல முடிஞ்சிரும்."

கையெழுத்துப் போட்டேன். கோடு போட்டது போல நேராக இருக்கிறது என்று மாரிசாமி பாராட்டினார்.

மலைச்சாமியிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ நான் மாத்திரை திங்கக் கூடாதாண்ணே?"

"பத்து நாளுதாம்லே. பொறவு முறைப்படி திங்கலாம்."

"சரிண்ணே." பிறகு சிரித்தான். "மில்லுல மெஷினுக்குத்தான் நம்பர் போடுவாக. இப்ப ஃபிட்டருக்கும் போட்டாச்சு."

முதல் விசாரணை பத்தாவது நாள் நடக்கவில்லை. இருபத்தோராவது நாள் நடந்தது. பால்ச்சாமி காரில் வந்தார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். மாலையோடு எடுத்த போட்டோக்கள் இருபத்தாறு. ஞானபாக்கியம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்தாள். அவளுடைய நர்ஸ் படிப்புச் சான்றிதழ் நாலாக மடித்துக் கைப்பைக்குள் இருந்தது. சட்டம் இல்லாததால் அதை மன்றம் பார்க்கவில்லை. தையல்காரர் ஒருவர் நாடாவோடு நின்று இரண்டு பேர் இடுப்பையும் அளந்தார். நர்ஸை அளக்கும்போது அறையில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மன்றத்தில் ஒழுக்கம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

தலைவர் முதலில் நர்ஸைக் கேட்டார்: "நீங்க சொல்றபடி சாப்பிட்டா இந்த நோயாளி நல்லாயிருவாரா?"

"இப்பவே சொல்ல முடியாதுங்க. ரத்தம் பாக்கணும். புண்ணு எம்புட்டு ஆழம் போயிருக்குன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது. எழுதிக்கிடுங்க மாரிசாமி." தலைவர் சம்பந்தி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவர் எவ்வளவு நாள் இருப்பாரு?"

"நூறு வயசு," என்றார் பால்ச்சாமி. கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னார். பத்துக்குப் பத்து.

ஞானபாக்கியம் எழுந்து நின்றாள். "ஐயா, எனக்குச் சைபர் போடுங்க. நான் ஒண்ணும் கேக்கல. அவரை மட்டும் இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு விட்டுருங்க."

"பாத்தீங்களா," என்று தலைவர் உறுப்பினர்களிடம் சொன்னார். "தனக்கே தன் மேல நம்பிக்கை இல்ல. ஊரு எப்படி இவங்களை நம்பும்?"

இடைவேளையில் எல்லோருக்கும் பால்கோவா வந்தது. மலைச்சாமிக்கு நீட்டப்போன பையனை லாட்ஜ் உரிமையாளர் தடுத்தார். அது வெள்ளைச் சீனி போட்டுக் கிண்டியது, சான்றுப் பொருள் தொடக் கூடாது என்றார். விதியை அவர்கள் அத்தனை கவனமாகக் காத்தார்கள். மலைச்சாமிக்கு ஒரு செம்பு கருப்பட்டித் தண்ணீர் கொடுக்கப்பட்டது. அவன் குடித்து முடித்ததை மாரிசாமி மணி போட்டுக் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது விசாரணைக்கு இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் மலைச்சாமியால் காலை ஊன்ற முடியவில்லை. மில்காரர்கள் இரண்டு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். காலிலிருந்து வாடை வந்தது. தமிழாசிரியர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, இந்த நாற்றம் உறுப்பினர்களின் மனத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கக் கூடும் என்று ஆட்சேபம் எழுப்பினார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. ஊதுவத்தி கொளுத்தி, சான்றுப் பொருளை மாடிப்படியில் உட்கார வைத்தார்கள். நானும் வேலுத்தாயும் கதவோரம் நின்றோம்.

அன்று தலைவர் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை.

"நண்பர்களே, இந்த மன்றம் எதற்காக இருக்கிறது? ஜனங்களுக்கு நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவர் சொல்வது சரியா என்பது பின்னால் வரும் விஷயம். பெரும்பாலும் அது வருவதே இல்லை. ஆலோசனை கேட்டுப் பிழைத்தவன் ஆலோசனையால் பிழைத்தான். இறந்தவன் ஆயுசு முடிந்து இறந்தான். இதில் ஆலோசகரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பால்ச்சாமி அவர்கள் மீது மூன்று வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லை. பிழைத்தவர்கள் வந்து மாலை போட்டார்கள். மற்றவர்கள் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன நம்பகம் வேண்டும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேலதிகாரி பேசி முடித்தால் தட்டுவது எனக்குப் பழக்கம். வேலுத்தாய் என் கைகளைப் பார்த்தாள். பிறகு படியில் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆடிப்பூரத் தேர் நெருங்கியதால் தீர்ப்பு தேருக்குப் பிறகு என்று ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வேலுத்தாய் சொன்னாள்: "கணுக்கால் வரைக்கும் கறுத்துப் போச்சு அத்தான். காய்ச்சல் தீயாக் கொதிக்கு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"மதுரை எல்லைக்கு வெளிய இருக்கும்மா. அனுமதி வாங்கணும். செத்த நேரம் பொறு, நான் போய் வாங்கிட்டு வாரேன்."

"கால் அழுகுது அத்தான். காகிதம் எதுக்கு?"

"நான் கையெழுத்துப் போட்டுருக்கேன்."

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஊர் முழுக்கக் கூட்டம். தலைவர் தேர்க் கமிட்டியிலும் இருந்தார். முதல் நாள் அவரைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் நாள் பார்த்தேன், பேச முடியவில்லை. மூன்றாம் நாள் தேர் நிலைக்கு வந்த பிறகு, வியர்வை வழிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் காகிதத்தை நீட்டினேன். மூன்று நாளும் நான் மன்ற வாசலிலும் தேரடியிலும் நின்றுகொண்டுதான் இருந்தேன். உட்காரச் சொல்லாத இடத்தில் நான் உட்காருவதில்லை.

தலைவர் எழுதிக் கொடுத்தது இது: 'சான்றுப் பொருளை மதுரைக்கு எடுத்துச் செல்லலாம். ஏழு நாட்களுக்குள் அதே நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.'

நான் ராஜபாளையம் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. நான் புறப்பட்டுப் போன மறுநாள் காலையிலேயே நர்ஸ் ஞானபாக்கியம் மில் வேனைக் கேட்டு வாங்கி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடுத்த பஸ்ஸில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலைத் தொடைக்குக் கீழே வெட்டி எடுத்திருந்தார்கள். ரத்தம் முழுக்க விஷம் ஏறிவிட்டது, இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று அங்கே ஒருவர் சொன்னார்.

மலைச்சாமி கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, அனுமதி கிடைச்சுதா?"

"கிடைச்சுதுலே."

"நல்லது," என்றான். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஞானபாக்கியம் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள். பால்ச்சாமியும் வந்தார். என் தோளில் கையை வைத்தார்.

"மாத்திரை விஷம் உள்ளேயே தங்கிட்டு சம்பந்தி. ஆறு வருசமா தின்னுருக்காரு. கருப்பட்டி எம்புட்டுதான் இழுக்கும்?"

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் தன் மனைவியின் மூட்டு வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று அவரைக் கேட்டார். அவர் தயங்காமல் சொன்னார்.

அன்று மத்தியானமே மன்றத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. உள்ளே இரண்டு தாள். முதல் தாள் தீர்ப்பு: பால்ச்சாமி தொண்ணூற்றொன்று, ஞானபாக்கியம் பதினெட்டு. ஞானபாக்கியம் இனி இரு தாலுகாவிலும் உணவு பற்றிப் பேசக் கூடாது. இரண்டாவது தாள் எனக்கு: சான்றுப் பொருள் எண் ஒன்றை மன்றத்தின் முன் அனுமதியின்றி எரித்தது விதி பதினாலுக்கு விரோதம், பொறுப்பாளர் என்ற முறையில் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மன்றத்தின் மீதும் வைகுண்டராஜ் மீதும் வழக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். சம்பந்தி மீதும் போடுவேன், மகள் வாழாவெட்டியாக வந்தாலும் வரட்டும் என்று நினைத்தேன். எல்லோரும் போன பிறகு வேலுத்தாயைக் கூப்பிட்டேன்.

"ஆஸ்பத்திரித் தாளெல்லாம் எங்கம்மா? கோர்ட்டுக்குப் போகப்போறேன். யாரால இது நடந்துதுன்னு எழுத்துல காட்டணும்."

அவள் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். என் கையில் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுக்கு இது வேண்டாம் அத்தான்."

"ஏன்?"

"காலை எடுக்கதுக்கு முந்தி டாக்டர் கேட்டாரு, மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாருன்னு. நான் உங்க சம்பந்தி பேரைச் சொல்ல வாயெடுத்தேன். உங்க தம்பி என் கையைப் பிடிச்சு அமுக்கிட்டாக. நம்ம புள்ள வாழுற வீடுடின்னு சொன்னாக. பொறவு இவியளே சொன்னாக, எங்கண்ணன் சொன்னாருன்னு."

நான் பையை வாங்கக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"உங்கண்ணன் என்ன டாக்டரான்னு அவரு கத்தினாரு. இல்லய்யா, எங்கண்ணன் பட்டாளத்துல இருந்தவரு, அவரு சொன்னா நம்பலாம்னு சொன்னாக. காய்ச்சல்லயும் அதைத் தெளிவாத்தான் சொன்னாக."

அவள் பையை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் அதைத் திறந்தேன். இரண்டாவது தாளில் இருந்தது. டாக்டர் அவசரத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆலோசனை சொன்னவர் என்ற இடத்துக்கு எதிரே: தனுஷ்கோடி, அண்ணன்.